நாட்டிலேயே இரண்டு பேர்

நூற்றைம்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் உங்கள் நோய் மொத்தம் இரண்டு பேருக்குத்தான் என்று கணக்கக அதிகாரி சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிக்காதீர்கள். ஒருவர்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அதிகாரியின் பெயர் ஜெபராஜ். நாகர்கோவில் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எந்தப் பரம்பரை நோய் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அவருடைய அலுவலகத்தின் வேலை. பெயர் தேசிய மரபுப் பிழைக் கணக்ககம். அவர் சென்னையில் உட்கார்ந்திருப்பார், நான் பவானியில் என் வீட்டில் உட்கார்ந்திருப்பேன், திரையில் பேசிக்கொள்வோம். எழுந்து போய்ப் பேசும் நிலையில் நான் இல்லை.

"தசைத் தேய்வுன்னு பொதுவா சொன்னா லட்சத்துக்கு இத்தனை பேர்னு ஒரு எண் வரும் மேடம்" என்றார். "ஆனா ஒவ்வொருத்தருக்கும் மரபணுவுல எழுத்துப்பிழை வேற வேற இடத்துல. ஒரு பிழைக்குச் செஞ்ச மருந்து இன்னொரு பிழையைத் திருத்தாது. உங்க பிழைக்கு மருந்து செய்ய முடியும். செஞ்சா நிச்சயமா வேலை செய்யும்."

"அப்பச் செஞ்சு குடுங்களேனுங்க."

"ஒத்த ஆளுக்குச் செய்யக் கூடாதுன்னு விதி. ஒருத்தருக்கு மட்டும் குடுத்துட்டு, மருந்தாலதான் நல்லாச்சுன்னு எப்படிச் சொல்றது? அதனால ரெண்டு பேராவது வேணும். ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

"ரெண்டாவது ஆளு இருக்காங்களாங்க?"

"இருக்காங்க."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மங்கையர்க்கரசி. நாற்பத்தொரு வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு வெளியூர் ஆர்டர்களைப் பார்த்துக்கொடுக்கிறேன், வீட்டிலிருந்தே. முப்பதைத் தாண்டிய பிறகுதான் கால் தடுக்க ஆரம்பித்தது. செருப்பின் மேல் பழி போட்டேன். பிறகு தொடை, இடுப்பு. மாடியில் என் படுக்கையறை இருக்கிறது, அதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. தலை வாருவதற்கு முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இட்லிப் பானையைத் தூக்க முடியாததால் இட்லியையே விட்டுவிட்டேன். அடுத்தது மூச்சு இழுக்கும் தசை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு நான்கைந்து வருஷம் ஆகலாமாம், ஆகாமலும் போகலாமாம்.

டாக்டர் எழுத்துப்பிழை என்றதைக் கேட்டு என் அம்மா, "எல்லாம் தலையெழுத்து" என்றாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா அவளுக்கு முன்பே போய்விட்டார். என் கணவர் தியாகு திருப்பூருக்குப் போய்விட்டார். நோய் பரம்பரையில் வருவது என்று தெரிந்த அன்றைக்கு அவருடைய அக்கா, "நாளைக்கு ஒரு கொழந்தை பொறந்து அதுக்கும் வந்துருச்சுன்னா?" என்று கேட்டாள். அவர் பெட்டியைக் கட்டினார். சண்டை எதுவும் இல்லை. வண்டிச் சாவியை மறந்து வைத்துவிட்டு, மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஆக, அந்த இரண்டாவது ஆள்தான் எனக்கு மிச்சம். கூட்டாளி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

கூட்டாளி யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. மறைவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் கல்யாணத் தரகர்கள்கூட ரத்த அறிக்கைகளைக் கள்ளத்தனமாக வாங்கி, ஜாதகத்தோடு சேர்த்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. அதன் பிறகு வந்த சட்டம் இது. பிழை எங்கே இருக்கிறது என்று படித்தவுடன் ரத்தத்தை எரித்துவிட வேண்டும். முழுப் பெயர் இருக்கக் கூடாது. பெயரின் முதல் எழுத்து, அதற்கு முன்னால் இனிஷியல், ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், அவரவர் தேர்ந்தெடுத்த ஒரு மறைசொல், தகவல் அனுப்ப ஒரு தொலைபேசி எண். எண்ணையும் மறைசொல்லையும் தூதனைத் தவிர யாரும் பார்க்க முடியாது.

தூதன் என்பது ஒரு நிரல். ஒரே பிழை உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் தூதன் மூலமாகத்தான் பேசலாம். நாம் சொல்வதைக் கேட்டு, குரலை மாற்றி, ஊர்ப்பேச்சையும் உருவிவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். "படி ஏற முடியுதுங்களா உங்களுக்கு?" என்று நான் கேட்டால், "தங்களால் படி ஏற முடிகிறதா?" என்று வேறு யாரோ கேட்பதுபோல் போய்ச் சேரும். பெண்பார்க்க வந்த இடத்தில் பேசுவதுபோல இருக்கும்.

"தி.ம. அவர்களே, தங்கள் செய்தி சேர்ந்தது" என்பான் தூதன், ஒவ்வொரு தடவையும்.

பதில் மட்டும் வரவில்லை.

நானும் விடவில்லை. முதலில் நோயைப் பற்றித்தான் பேசினேன். பிறகு எல்லாவற்றையும் பேசினேன். மழை வந்தது, கூடுதுறையில் தண்ணீர் ஏறியது, கீழே விழுந்தது, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு விசிறி சுற்றுவதைப் பார்த்தது. தியாகுவைப் பற்றிக்கூடச் சொன்னேன், அவருக்கு இன்னொரு கல்யாணம் ஆன அன்று. பதில் வராதவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறை தொலைபேசி மணி அடிக்கும்போதும் கூட்டாளியாக இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரர்கள் கூப்பிட்டு நூறு ஜமக்காளம் கேட்பார்கள்.

போன மாதம் ஜெபராஜ் அவசரமாகக் கூப்பிட்டார். மருந்துக் கூடத்தில் எங்கள் பிழைக்கு முறை வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சம்மதமும் போய்ச் சேர வேண்டும். விட்டால் அடுத்த முறை வர நான்கு வருஷம் ஆகும்.

"நாலு வருசங் கழிச்சு எனக்கு மூச்சு இருக்கோணுமில்லீங்க" என்றேன்.

"அதான் மேடம் கூப்பிட்டேன். இதை நான் சொல்லக் கூடாது. சொல்றேன். ஒரே பிழைன்னா அநேகமா ரெண்டு பேரும் எங்கயோ சொந்தமாத்தான் இருப்பாங்க. உங்க சொந்தத்துல யாராவது இருந்தா நீங்களே பேசிப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "லேடீஸ்தான். பதிஞ்சப்ப இருபது வயசுக்குள்ள. நாமக்கல் மாவட்டம். வே.ம."

நாமக்கல்லில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். பெரியப்பா மகள் மல்லிகா. ஆனால் பெரியப்பா பெயர் பழனியப்பன், அவள் ப.ம. ஆகிவிடுவாள். எங்கள் சொந்தத்தில் 'வே' என்று தொடங்கும் பெயர் உள்ள ஆண் ஒருவர்தான். வேலுச்சாமி. என் அப்பா. அவருக்கு ஒரே மகள்.

நாமக்கல்லில்தான் நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன்.

"எந்த வருசம் பதிஞ்சதுங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் அந்த விடுதியில் இருந்த வருஷம்.

"அது நானுங்க."

"என்ன மேடம்?"

"வே.ம. நாந்தானுங்க. காலேஜ்ல ரத்தம் எடுக்க வந்தீங்க. கணக்கெடுப்புக்கு மட்டும்னு சொல்லி ஆளுக்கொரு மாம்பழச் சாறு குடுத்தீங்க. ரிசல்ட்டு சொல்ல மாட்டோம்னு சொன்னீங்க. நானும் மறந்தே போயிட்டேன்."

"ஆனா நீங்க தி.ம.தானே?"

"கண்ணாலத்துக்கு அப்பறம்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. எப்படி விளங்கும்? ஆண்கள் பிறந்த எழுத்தோடு வாழ்ந்து அதே எழுத்தோடு போய்ச் சேருகிறார்கள். எனக்குக் கல்யாணமான வாரத்திலேயே ரேஷன் அட்டையிலிருந்து வங்கிக் கணக்கு வரை அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டு அவருடைய எழுத்தைப் போட்டார்கள். வீட்டில் அதற்குப் பாயசம்கூட வைத்தார்கள். தியாகு போகும்போது தன் சட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டார், எழுத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கணக்ககத்தின் கணினி நிரல் வடக்கே யாரோ எழுதியது. ஒரு பெண்ணுக்குப் பாதி வயதில் முதல் எழுத்து மாறும் என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஜெபராஜ் தன் பக்கத்தில் இரண்டு பதிவுகளையும் திறந்து பார்த்தார். பிறகு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா" என்றார். அதுவரை மேடம்தான். "நம்ம பக்கத்துல இந்த மாதிரி நோய் ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ரொம்ப ஜாஸ்தின்னு வருஷா வருஷம் கணக்கு வருது. ஏன்னு தெரியாம டெல்லியில பெரிய பெரிய ஆளுங்க கட்டுரை எழுதுறாங்க. மாமன் மகனைக் கட்டுறாங்களே, அதனாலதானாம்."

"மாமன் மகனைக் கட்டுனா பொறக்குற பையனுக்கும்தானுங்க வரோணும்?"

"அதுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. மருந்து போகிறதே என்று அல்ல, அது பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான் முதலில் உறைத்தது. பதில் வராததற்குக் கூட்டாளிக்கு என்னென்னவோ காரணம் கற்பித்து வைத்திருந்தேன். வீட்டில் அடைத்து வைத்திருப்பார்கள், கை தூக்க முடியாமல் இருக்கும், என்னைப்போலவே கூச்சமாக இருக்கும் என்றெல்லாம். கல்யாணத்தன்றே தூக்கிப் போட்ட என் பழைய எண்ணுக்குத்தான் தூதன் தகவல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்ப ஜோடின்னு நீங்க மருந்து குடுத்தவங்கள்ல பாதிப் பேரு ஒத்தையாளுங்களா?" என்று கேட்டேன்.

"பாதியான்னு தெரியாது. பழைய எண்ணை மாத்தாதவங்க ரெண்டு எழுத்துலயும் அவங்களே சம்மதம் சொல்லியிருப்பாங்க, அப்படி நிறைய பேர் இருப்பாங்க. அவங்க நடக்குறாங்க அக்கா. சிலர் படி ஏறுறாங்க. இதை நான் மேல சொன்னா எல்லா ஜோடியையும் திறந்து பார்ப்பாங்க. அத்தனை பேருக்கும் மருந்து நின்னுரும்."

"சொல்லாட்டி?"



"எங்க அண்ணனுக்கும் இதேதான்" என்றார். "பிழை வேற. நாட்டுலயே அவன் ஒருத்தன்தான். ஒத்த ஆளுக்கு மருந்து கிடையாதுன்னு அவன்கிட்டச் சொன்னது நான்தான், இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு. அவனுக்கு இனிஷியல் மாறலைல்லா, அதான்."

அவருக்கு என் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலுவலகக் குரலில் சொன்னார்: "நான் உங்களை இன்னைக்குக் கூப்பிடவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வே.ம.வோட சம்மதத்துக்காகத் தூதன் காத்துக்கிட்டு இருப்பான். மறைசொல் சரியா இருந்தா, எங்களுக்கு வே.ம. ஒரு ஆள். மூணு தடவை தப்பாச் சொன்னாப் பெட்டி மூடிரும்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வியாழக்கிழமை முழுக்க அவருடைய அண்ணனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் நான் ஒன்றாகிவிடுவேன், அந்த அண்ணனைப்போல. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. யாருக்கும் மருந்து கிடைக்காத நியாயம். பொய் சொன்னால் எனக்குக் கிடைக்கும், அந்த அண்ணனுக்குக் கிடைக்காது. மற்ற பெண்களுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. உண்மை அதுவல்ல. எனக்கு மாடிக்குப் போக வேண்டும். என் அறையின் ஜன்னலைத் திறக்க வேண்டும். அந்த ஆசையை எந்த நியாயத்தாலும் அடக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூதனை அழைத்தேன்.

"வே.ம. பேசறேன்" என்றேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்த எழுத்தின் பெயரில் பேசுகிறேன். அப்பா பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

"வே.ம. அவர்களே, மறைசொல்லைச் சொல்லவும்."

அங்கேதான் சிக்கல். பத்தொன்பது வயதில் அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள்? எனக்கே அவள் அந்நியமாகிவிட்டாள். அப்பா செல்லம் என்பதால் "வேலுச்சாமி" என்றேன். தவறு என்றான் தூதன். கல்லூரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நாங்கள் ஏறிப் போகும் தனியார் பேருந்தின் பெயரைச் சொன்னேன். அதுவும் தவறு. இன்னும் ஒரு முறைதான்.

கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை யோசித்தேன். கூடைப்பந்து மைதானத்தை ஒட்டிய அறையில் முகாம் போட்டிருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. விளையாட்டிலிருந்து நேராக, வியர்வையோடு, வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டி உள்ளே ஓடினேன். அம்மா அன்று வாழைப்பழச் சீப்போடு என்னைப் பார்க்க வந்திருந்தாள். எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து, எல்லோரும் கேட்கும்படி, "ஓடுகாலி, செத்த நேரம் ஒரு எடத்துல நிக்க மாட்டியாடி?" என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ரத்தம் எடுத்த அக்கா, "வாழ்நாள் பூரா மறக்காத ஒரு சொல்லு சொல்லும்மா" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஓடுகாலி" என்றேன் தூதனிடம்.

"நன்றி, வே.ம. அவர்களே. தங்கள் சம்மதத்தைப் பெறும் முன், தி.ம. அவர்களிடமிருந்து வந்து காத்திருக்கும் செய்திகளைத் தாங்கள் கேட்க வேண்டும். இது விதி."

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கேட்டேன். இரண்டு வருஷத்துச் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊரில்லாத, வயதில்லாத ஒரு குரல். தங்களால் படி ஏற முடிகிறதா? இங்கே மழை பெய்கிறது. நான் இன்று விழுந்துவிட்டேன், எழுந்துகொள்ளவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவருக்கு இன்று திருமணம். தாங்கள் இருக்கிறீர்களா? அடுத்த செய்தியிலும் அதே கேள்விதான். தாங்கள் இருக்கிறீர்களா?

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் பொங்கிவந்தது. என் மேல் எனக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. யாராவது இவளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கும்வரை செய்திகள் முடியவில்லை.

"தங்கள் சம்மதம்?" என்றான் தூதன்.

"சம்மதமுங்க."

"தி.ம. அவர்களுக்குப் பதில் ஏதேனும் உண்டா?"

நாற்பத்தொரு வயதுக்காரியால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவளிடம் பதில் இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். வரிசையைத் தாண்டி ஓடியவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்து, அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேஜையில் வைத்தேன்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. பாழாய்ப்போன பழக்கம், கூட்டாளியாக இருக்கும் என்று நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

"தி.ம. அவர்களே, தங்களுக்கு ஒரு பதில் வந்துள்ளது" என்றான் தூதன். பிறகு முன்பின் தெரியாத அந்தக் குரல் பேசியது. "நான் இருக்கிறேன். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். தாங்கள் அவசரப்படாமல் மெதுவாக வாருங்கள்."

இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன்.

"தாங்கள் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தூதன் கேட்டான்.

"நாளைக்குப் பேசறேன்னு சொல்லுங்க" என்றேன்.